லித்தியம் சாப்பிடும் தம்பி காவடி எடுக்கலாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். என் தம்பிக்கு 26 வயது. போன வருடம் பல நாள் தூக்கமே இல்லாமல், ஓயாமல் பேசி, கையிலிருந்த பணத்தையெல்லாம் வாரி இறைத்துவிட்டான். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்துப் பார்த்துவிட்டு பைபோலார் என்றார்கள், மனம் ஒருசமயம் அளவுமீறித் துள்ளியும் ஒருசமயம் சோர்ந்தும் போகும் நோயாம். இப்போது தினமும் இரவில் அதற்கான லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறான், நன்றாக இருக்கிறான். வரும் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக வேண்டுதல். பத்து நாள் உப்பில்லாமல் ஒருவேளைச் சாப்பாடு, விரதம் முடியும்வரை மாத்திரையும் வேண்டாம் என்கிறான். போன மாதம் கிளினிக்கில் சிஸ்டர் ரொம்ப நேரம் உட்கார வைத்து, "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா, குரல் கேட்கிறதா, டாகா (கஞ்சா) புகைக்கிறாயா" என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்டார். இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணமும் வந்துவிடும் என்று அம்மாவுக்குக் கோபம். அந்த மனத்தாங்கலில் விரதம் பற்றி அவரிடம் சொல்லவே இல்லை. என்ன செய்வது?

பதில்: காவடிக்கு நான் தடை சொல்ல மாட்டேன். ரத்தத்தில் லித்தியம் அளவு சரியாக இருந்து, கிளினிக்கிலும் சம்மதித்தால் எடுக்கட்டும். ஆனால் மாத்திரையை நிறுத்தக் கூடாது, உப்பையும் நிறுத்தக் கூடாது. இரண்டில் உப்பு விஷயம்தான் எனக்கு அதிகக் கவலை, ஏனென்றால் அது யாருக்கும் ஆபத்தாகத் தெரியாது.

லித்தியமும் உப்பில் உள்ள சோடியமும் ஒரே இனம். உடம்பில் உப்போ நீரோ குறைந்தால் சிறுநீரகம் சோடியத்தை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும். கூடவே லித்தியத்தையும் பிடித்துக்கொள்ளும். தம்பி வழக்கமான அளவு மாத்திரைதான் சாப்பிடுவார், ஆனால் ரத்தத்தில் அளவு ஏறிக்கொண்டே போகும். நோய் திரும்பாமல் காக்க, பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை வைத்திருப்போம். 1.5-ஐத் தாண்டினால் மருந்தே நஞ்சு. இடைவெளி எவ்வளவு குறுகல் பாருங்கள். 1949-இல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மனநல மருத்துவர் லித்தியத்தின் பலனை எழுதியும், அமெரிக்கா 1970-இல்தான் அனுமதித்தது. அந்தத் தயக்கத்துக்கு இந்த நஞ்சு பயமும் ஒரு காரணம்.

தைப்பூசம் வருவதோ உங்கள் ஊரில் கொளுத்தும் கோடையில். வெறும் வயிறு, வெறுங்கால், மணிக்கணக்கில் வெயில், டர்பன் புழுக்கத்தில் ஊற்றும் வியர்வை. இத்தனையோடு உப்பில்லாத பத்து நாளும் சேர்ந்தால் வேண்டாம் என்பேன். மாமிசம் விடட்டும், வெறும் தரையில் படுக்கட்டும், அதெல்லாம் மருந்தோடு மோதாது. உப்பு எப்போதும்போல, தண்ணீர் தாராளமாக. நடக்கும்போதும் யாராவது தண்ணீர் கொடுத்துக்கொண்டே வரவேண்டும். காவடி இறக்கிய பிறகு தோள்வலிக்கு இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எதுவும் வேண்டாம், அவையும் லித்தியத்தை ஏற்றிவிடும். பாராசிட்டமால் போதும். விரதம் தொடங்குமுன் ரத்தத்தில் லித்தியம் அளவும் சிறுநீரகமும் பார்த்துவிடுங்கள். கடைசி மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு. இரவு எட்டுக்கு மாத்திரை என்றால் காலை எட்டுக்கு ரத்தம்.

மாத்திரையைப் பத்து நாள் விட்டால்? லித்தியத்தைத் திடீரென்று நிறுத்தினால் போன வருடத்து நிலை திரும்பி வரும் வாய்ப்பு கூடுகிறது, தற்கொலை ஆபத்தும் கூடுகிறது. முருகன் கேட்காத காணிக்கை இது. ஒருநாள் மறந்துபோனாலும் மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது.

அப்புறம் சிஸ்டர் கேட்ட கேள்விகள். அம்மாவின் கோபம் எனக்குப் புரிகிறது, ஆனால் நான் சிஸ்டர் பக்கம்தான். பைபோலாரைக் காட்டித்தரும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. பேச்சின் வேகம், ஒரு பேச்சிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது, உடுத்தியிருக்கும் விதம், தூக்கம், முகத்தின் வாட்டம் எல்லாவற்றையும் அவர் கேட்டும் பார்த்தும்தான் எடைபோட வேண்டும். எந்த மருந்து என்பதே அதிலிருந்துதான் வருகிறது. சோர்வாக வருபவரிடம் "தூங்காமலே களைப்பில்லாமல் இருந்த நாட்கள் உண்டா?" என்று யாரும் கேட்காமல் விட்டால், பைபோலார் உள்ளவருக்கு வெறும் மனச்சோர்வு மாத்திரை மட்டும் போய்ச்சேரும். அது அவரைத் தூக்கமில்லாத, அளவுமீறிய வேகத்தில் தள்ளிவிடக் கூடும். போன வருடத்து அந்த மூன்று நாளும் இப்படிப்பட்ட மதிப்பீடுதான். 2002-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் 72 மணி நேரம் என்று எழுதியே இருக்கிறது.

சாவைப் பற்றிக் கேட்டால் அந்த எண்ணம் முளைக்காது. இதை ஆராய்ந்தும் பார்த்துவிட்டார்கள். உள்ளே வைத்துப் புழுங்குபவர்களுக்குப் பல சமயம் யாராவது கேட்டதே ஆறுதலாகிவிடுகிறது. டாகா பற்றியும் உள்ளதைச் சொல்லலாம். பெரியவர்கள் தனியிடத்தில் புகைப்பது குற்றமல்ல என்று 2018-லேயே அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது, சிஸ்டரும் போலீஸ் இல்லை. ஆனால் பைபோலார் உள்ள மூளைக்கு அது ஆகாது. தம்பி புகைக்கிறார் என்றால் சிஸ்டருக்குத் தெரிந்தே ஆகவேண்டும்.

குரல் பற்றிய கேள்விதான் நம் வீடுகளில் சிக்கல். கோயிலில் மேளம் அடிக்கும்போது அருள் வந்து ஆடுவதும், காவடி இறங்கியதும் தெளிந்து பக்கத்திலிருப்பவரோடு சாப்பிட உட்காருவதும் நோயல்ல. அதே ஆள் திருவிழா முடிந்தும் தூங்காமல், முருகன் தனக்கு மட்டும் கட்டளையிடுகிறார் என்று நடுராத்திரியில் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினால் அது வேறு. உங்கள் கிளினிக் சிஸ்டர் ஜூலுக்காரராக இருக்கலாம், காவடியை வழியில் நின்று பார்த்ததோடு சரியாக இருக்கலாம். நீங்கள் விளக்கினால்தான் அவருக்கு எது வழிபாடு, எது அறிகுறி என்று பிரிக்க வரும்.

ஆகவே இந்த வாரமே போங்கள், அம்மாவையும் கூட்டிக்கொண்டு. தம்பி எத்தனை மணிக்குத் தூங்குகிறார், எப்போது எழுகிறார், கடைசியாக எப்போது ரத்தம் எடுத்தது, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று குறித்துக்கொண்டு போங்கள். தைராய்டும் பார்த்தார்களா என்று கேளுங்கள். லித்தியம் அதை மந்தமாக்கும், அப்போது வரும் அசதி மனச்சோர்வு போலவே இருக்கும்.

விரத நாட்களில் வாந்தி, வயிற்றுப்போக்கு, கை பெரிதாக நடுங்குவது, நாக்குக் குழறுவது, நடையில் தள்ளாட்டம் இவற்றில் எது வந்தாலும் அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் நேரே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள், லித்தியம் சாப்பிடுகிறார் என்பதை முதலில் சொல்லுங்கள். இரண்டு இரவு சேர்ந்தாற்போல் தூங்காமல் உற்சாகமாகவே இருந்தால் அன்றே கிளினிக்குக்குச் சொல்லிவிடுங்கள். சாகத் தோன்றுகிறது என்று அவர் வாய்விட்டுச் சொன்னால் தனியாக விடாதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். மனச்சோர்வு, பதற்றம் உள்ளவர்களுக்கு உதவும் சாடாக் அமைப்பின் 0800 567 567 என்ற இலவச எண்ணில் இரவிலும் பேசலாம்.