நிலா கூடவே வருகிறது என்று சொல்லும் நான்கரை வயது

கேள்வி: என் மகனுக்கு நான்கரை வயது. பேச்சு, ஓட்டம், சாப்பாடு எல்லாம் சரியாகவே இருக்கின்றன. ஆனால் அவன் உலகத்தைப் பார்க்கும் விதம் எனக்குக் கவலை தருகிறது. இரவில் வெளியே போனால் நிலா தன்னோடு நடந்து வருவதாகச் சொல்லி, வாசலில் அதற்கு விடைகொடுத்துவிட்டுத்தான் உள்ளே வருவான். படியில் தடுக்கி விழுந்தால், படிக்கு வலிக்குமே என்று அதைத் தடவிக்கொடுக்கிறான். யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுகிறான். மூன்று மாதங்களுக்கு முன் என் அம்மா இறந்தபோது, பாட்டி தூங்கிவிட்டார் என்று அவனிடம் சொன்னோம். நான் சத்தம் போட்டதாலா என்று ஒருமுறை கேட்டான். அதிலிருந்து இரவில் இரண்டு மூன்று முறை என்னை எழுப்பிப் பார்க்கிறான். மூளை வளர்ச்சியில் குறை இருக்கலாம், ஸ்கேன் எடுத்துப் பார் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். இவ்வளவு வெகுளியாக இருப்பது இயல்புதானா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், உங்கள் மகனுக்கு ஸ்கேன் தேவையில்லை. இந்த வயதில் எம்.ஆர்.ஐ. எடுப்பதென்றால், குழந்தை அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்பதற்காகவே பெரும்பாலும் மயக்க மருந்து கொடுக்க நேரும், சி.டி. ஸ்கேனில் கதிர்வீச்சு உண்டு. தக்க அறிகுறி எதுவும் இல்லாத குழந்தையை இவற்றுக்கு உட்படுத்துவது முறையன்று. மேலும், நீங்கள் குறையோ என்று அஞ்சுகிற பேச்சுகளில் பெரும்பாலானவை, அவனுடைய மூளை மும்முரமாக வேலை செய்துகொண்டிருப்பதற்கான அடையாளங்களாகவே எனக்குத் தெரிகின்றன.

நிலாவையே எடுத்துக்கொள்ளுங்கள். நடக்கும்போது பக்கத்திலுள்ள மரமும் விளக்குக் கம்பமும் பின்னால் போவதை உங்கள் மகன் பார்க்கிறான். நிலா மட்டும் பின்தங்குவதே இல்லை என்பதையும் பார்க்கிறான். அவன் கண்ணில் பட்டது முழுக்க உண்மை. நிலா ஏறத்தாழ 3,84,000 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதால், நாம் எத்தனை தெரு நடந்தாலும் அது தெரிகிற திசை கண்ணுக்குப் புலப்படும் அளவுக்கு மாறுவதில்லை. தொலைவைப் பற்றிய இந்தக் கணக்கு அவனிடம் இல்லை. கூடவே வருகிறவர்கள் தன்மேல் அன்புள்ளவர்கள் என்ற அனுபவம் இருக்கிறது. அந்த அனுபவத்தைக் கொண்டு, நிலாவும் வேண்டுமென்றே தன்னுடன் வருகிறது என்று முடிவு செய்கிறான். முடிவு பிழையாக இருக்கலாம். ஆனால் கவனித்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, காரணத்தையும் தேடிய பிறகே அந்த முடிவுக்கு அவன் வந்திருக்கிறான்.

சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த உளவியலாளர் ழான் பியாஜே (1896–1980) சிறு குழந்தைகளிடம் இப்படிப்பட்ட கேள்விகளைப் பொறுமையாகக் கேட்டு, அவர்கள் சொன்னதை அப்படியே எழுதி வைத்தவர். நிலா நம்மைத் தொடர்ந்து வருகிறது என்ற பதில் அந்தப் பதிவுகளிலும் இருக்கிறது. ஏறத்தாழ 2 வயது முதல் 7 வயது வரையுள்ள பருவத்தில் குழந்தைகள் உயிரற்ற பொருள்களுக்கும் எண்ணமும் உணர்ச்சியும் இருப்பதாகக் கருதுவதை அவர் விரிவாக விளக்கினார். குழந்தைகளுக்கு அவர் நினைத்ததைவிடக் கூடுதலாகவே தெரியும் என்று பின்வந்த ஆய்வாளர்கள் காட்டினார்கள். படி மூச்சு விடாது, வளராது என்பது நான்கு வயதுக் குழந்தைக்கே ஓரளவு தெரிந்திருக்கும். ஆனாலும் விழுந்த நொடியில் தனக்கு உண்டான வலி பெரிதாக நிற்க, அதே வலியைப் படிக்கும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறான். குழந்தையைத் தேற்றுவதற்காகப் பெரியவர்கள் பலர் அந்தப் படியை அடித்துக் காட்டுகிறார்கள். உங்கள் மகன் தடவிக்கொடுக்கிறான். தயவுசெய்து அதைத் திருத்தாதீர்கள்.

யார் சொன்னாலும் நம்புவதும் இந்த வயதுக்கு உரியதுதான். 1983-இல் ஹைன்ஸ் விம்மர், யோசெஃப் பெர்னர் என்ற இரு ஆய்வாளர்கள் குழந்தைகளுக்கு ஒரு சிறு கதை சொன்னார்கள். ஒரு சிறுவன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான். அவன் இல்லாத நேரத்தில் அம்மா அதை வேறோர் அலமாரிக்கு மாற்றிவிடுகிறார். திரும்பி வந்ததும் அவன் எங்கே தேடுவான் என்பது கேள்வி. மூன்று வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் புதிய அலமாரியையே காட்டுவார்கள். தனக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாமல் இருக்கலாம், ஒருவர் தவறாகவும் நம்பியிருக்கலாம் என்பது நான்கு, ஐந்து வயதில்தான் மெல்லப் பிடிபடுகிறது. இது பிடிபடாதவரை, ஒருவர் தன்னை ஏமாற்றக்கூடும் என்ற எண்ணமும் குழந்தைக்கு எளிதில் வராது. உங்கள் மகன் அந்த வாசற்படியில்தான் நிற்கிறான். அதுவரை வேடிக்கைக்காக அவனை ஏமாற்றிச் சிரிப்பவர்களைத் தடுக்க வேண்டியது நீங்கள்தான். மருந்தை மிட்டாய் என்று சொல்லிக் கொடுக்கும் பழக்கத்தையும் அடியோடு விட்டுவிடுங்கள்; அவன் அதை உண்மையாகவே மிட்டாய் என்று எண்ணி, யாரும் இல்லாதபோது எடுத்துத் தின்ன நேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

நாம் சொல்வதைக் குழந்தைகள் எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்கிறார்கள் என்பது நானும் தாமதமாகக் கற்ற பாடம். சில ஆண்டுகளுக்கு முன் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்திக்கு ரத்தம் எடுத்தோம். ஊசி குத்தும்போது அழாதவள், பஞ்சை வைத்து அழுத்திவிட்டு, முடிந்தது, போகலாம் என்றதும் அழத் தொடங்கினாள். முழங்கையை மடக்கி இறுகப் பிடித்துக்கொண்டு நாற்காலியை விட்டு இறங்கவே மறுத்தாள். அடுத்த குழந்தை காத்திருந்த அவசரத்தில், வலிதான் போய்விட்டதே, இன்னும் ஏன் அழுகிறாய் என்று சற்றுக் கடுமையாகவே கேட்டுவிட்டேன். "ஓட்டை போட்டுட்டீங்க. மீதி ரத்தமும் வெளியே வந்துடும்" என்றாள். ஒரு சிறிய பிளாஸ்திரியை ஒட்டிய பிறகு, அதன் நான்கு ஓரங்களையும் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கையை நீட்டினாள். உடம்பைத் தண்ணீர் நிரப்பிய பையைப் போல எண்ணும் வயது அது. பையில் துளை விழுந்தால் எல்லாம் ஒழுகிவிடும் என்பது நியாயமான பயம்தானே. அன்று முதல், ரத்தம் முழுதாக நின்றுவிட்டிருந்தாலும், சிறு குழந்தைகளுக்குக் கேட்காமலேயே பிளாஸ்திரி ஒட்டச் சொல்கிறேன்.

இப்போது, உங்கள் கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன செய்திக்கு வருகிறேன். நிலாவையும் படியையும் பற்றி நீங்கள் கவலைப்பட்ட அளவுக்கு, நான் சத்தம் போட்டதாலா என்று அவன் கேட்டதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. எனக்கோ அந்தக் கேள்விதான் மனத்தில் நின்றுவிட்டது. நிலா தனக்காக வருகிறது என்று நம்புகிற அதே மனம், வீட்டில் நடக்கும் துயரமும் தன்னால்தான் நடந்தது என்று நம்பும். தம்பியை அடித்ததால்தான் தனக்குக் காய்ச்சல் வந்தது, சொன்ன பேச்சைக் கேட்காததால்தான் ஊசி போடுகிறார்கள் என்று உள்ளுக்குள் எண்ணிக்கொண்டிருக்கும் குழந்தைகளை நான் அடிக்கடி பார்க்கிறேன். யாராவது கேட்டால் ஒழிய, அவர்களாக இதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. உங்கள் மகன் சொன்னது நல்ல காலம்.

தூங்கிவிட்டார் என்ற சொல்லையும் அவன் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறான். பாட்டி தூங்கினார், எழவில்லை. அம்மாவும் தினமும் தூங்குகிறாள். ஆகவே எழுப்பிப் பார்க்கிறான். நீங்கள் கண் விழிக்கும்வரை அவனுக்கு அமைதி இல்லை. நீங்கள் இதைத் தீய எண்ணத்துடன் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். அம்மாவை இழந்த துக்கத்தில் வாயில் வந்த மென்மையான சொல் அது. ஆயினும் இறந்தவர் திரும்புவதில்லை, அவர் உடம்பு இயங்குவதில்லை, எல்லா உயிர்க்கும் இது உண்டு என்ற மூன்றும் பெரும்பாலான குழந்தைகளுக்கு 5 வயதிலிருந்து 7 வயதுக்குள்தான் தெளிவாகின்றன என்பதால், அதற்கு முந்தைய வயதில் சுற்றி வளைத்துச் சொல்வது அச்சத்தையே வளர்க்கிறது.

எனவே பகல் வேளையில், அவன் அமைதியாக விளையாடிக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்து இப்படிச் சொல்லுங்கள்: "பாட்டி தூங்கலை. பாட்டி இறந்துட்டாங்க. அவங்க உடம்பு வேலை செய்யுறதை நிறுத்திடுச்சு. இனிமே மூச்சு வராது, பசிக்காது, வலிக்காது. திரும்பி வரமாட்டாங்க. நீ சத்தம் போட்டதால இல்ல. நீ செஞ்ச எதனாலயும் இல்ல." நோயால் இறந்தார் என்றால், சாதாரணக் காய்ச்சல், சளி போன்றதன்று, மிக மிகக் கடுமையான நோய் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த சளிக்கு அவன் நடுங்குவான். சொல்லும்போது உங்களுக்கு அழுகை வந்தால் அடக்க வேண்டாம். பாட்டியை நினைத்தால் அம்மாவுக்கு அழுகை வருகிறது என்று மட்டும் காரணத்தைச் சொல்லிவிடுங்கள். அடுத்த வாரமே பாட்டி எப்போது வருவார் என்று மறுபடி கேட்பான். அப்போது சலிக்காமல் அதே சொற்களில் அதே பதிலைச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அது உள்ளே போகும்.

மருத்துவரிடம் உடனே காட்ட வேண்டிய அறிகுறிகள் வேறு. முன்பு பேசிய சொற்களையோ செய்துகொண்டிருந்த வேலைகளையோ குழந்தை இழப்பது, பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாமல் இருப்பது, மற்றக் குழந்தைகளிடம் நாட்டமே இல்லாமல் இருப்பது, கற்பனை விளையாட்டே விளையாடாமல் இருப்பது, நான்கு வயதுக்குப் பிறகும் வெளியாட்களுக்குப் பேச்சு பெரும்பாலும் புரியாமல் போவது, விளையாட்டின் நடுவே சில நொடிகள் வெறித்துப் பார்த்தபடி தொட்டாலும் உணராமல் நின்றுவிடுவது ஆகியவை கவனிக்கத் தக்கவை. உங்கள் கடிதத்தில் இவற்றில் ஒன்றும் இல்லை. 3 முதல் 5 வயது வரை ஒரு நாளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும். உண்மையைச் சொல்லிய பிறகும் நான்கைந்து வாரங்களுக்கு மேல் அவன் இரவில் விழித்துக்கொண்டே இருந்தால், அல்லது பகலிலும் உங்களை விட்டு ஒரு கணம் பிரிய மறுத்தால், குழந்தை நல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அங்கும் ஸ்கேனைக் கேட்காமல், பாட்டியின் இறப்பையும் அவன் கேட்ட கேள்வியையும் முதலில் சொல்லுங்கள்.

இன்றிரவு அவன் எழுப்பினால் கடிந்துகொள்ள வேண்டாம். அவன் கையை எடுத்து உங்கள் நெஞ்சின்மேல் வைத்து, துடிப்பை அவனே உணரும்வரை பொறுத்திருங்கள். பிறகு அதே கையை அவன் நெஞ்சின்மேல் வைத்துக் காட்டுங்கள். தூங்கும்போதும் இது நிற்காமல் துடித்துக்கொண்டே இருக்கும், காலையில் நாம் எழுந்துவிடுவோம் என்று சொல்லுங்கள். அடுத்த சில இரவுகளில் உங்களை எழுப்பாமல், கையை மட்டும் வைத்துப் பார்த்துவிட்டு அவன் திரும்பப் படுத்துக்கொள்ளக்கூடும்.