ஒரே ஒருத்தி

அன்புள்ள ஐயா,

நான் திருகோணமலையில், உவர்மலையில் வசிக்கிறேன். பேராதனையில் படித்த காலத்தில் நாங்கள் ஐந்து பேர் வாரம் தவறாமல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடினோம். ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று மேசையைச் சுற்றி உட்காருவோம். ஒருவர் கதையை நடத்துவார். நாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்லச் சொல்ல, பகடை விழ விழ, கதை வளரும். நடத்துபவன் எப்போதும் நான்தான். நண்பர்கள் இப்போது டோஹாவிலும் மெல்பேர்னிலும் ரொறன்ரோவிலும் இருக்கிறார்கள். ஊருக்குத் திரும்பிய எனக்கு ஒரே ஒரு ஆள்தான் மிஞ்சினாள். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் என் தங்கை.

நாற்பது பக்கத்தில் ஒரு கோட்டைக் கதை எழுதி வைத்திருந்தேன். முதல் நாளே கெட்டுப்போனது. அவள் கோட்டை வாசலுக்குப் போகாமல் வெளியே கிணற்றடியில் உட்கார்ந்துகொண்டாள். தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த கிழவியிடம் "இந்தத் தண்ணீர் யாருக்கு?" என்று கேட்டாள். அந்தக் கிழவி நான் பேச்சுவாக்கில் ஒரு வரியில் சொன்னவள், அவ்வளவுதான். ஒருவழியாக அவளைக் கோட்டைக்குள் கொண்டுபோனேன். மூன்று காவலர்கள் சேர்ந்து இரண்டாவது சுற்றிலேயே அவளுடைய பாத்திரத்தைக் கொன்றுவிட்டார்கள்.

ஒருவருக்கு மட்டும் இந்த ஆட்டத்தை நடத்த முடியுமா? துணைக்கு நானே இரண்டு பாத்திரங்களைச் சேர்த்து ஆடலாமா? தமிழில் நடத்தினால் நாடக வசனம் போல இருக்கிறது, ஆங்கிலத்திலேயே நடத்தட்டுமா? இருபது முகப் பகடை இங்கே எங்கே கிடைக்கும்?

உவர்மலை வாசகர்

அன்புள்ள தம்பி,

சில நாட்களாக என் அம்மம்மாவின் பாக்குவெட்டி என் எழுதும் மேசையில் கிடக்கிறது. அதைப் பற்றி எழுத உட்காருவதும் முடியாமல் எழுந்துபோவதுமாக இருந்தேன். உங்கள் கடிதத்தில் அந்தக் கிணற்றடி வந்த இடத்தில் எனக்கு எழுத வழி கிடைத்துவிட்டது. அதனால்தான் உடனே பதில் எழுதுகிறேன்.

முதலில் கோபம். "ஒரே ஒரு ஆள்தான் மிஞ்சினாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். பந்தி முடிந்தபின் சட்டியில் மிஞ்சிய சோற்றைச் சொல்வது போலச் சொல்கிறீர்கள். பதினாறு வயதில் ஒரு பெண் தன் பொழுதை எடுத்துவந்து, அண்ணன் சொல்லும் கதைக்குள் நடக்கிறேன் என்று எதிரே உட்கார்ந்திருக்கிறாள். அவள் டோஹாவில் இருப்பவர்களுக்குப் பதில் ஆள் இல்லை. இந்த எண்ணத்தை மாற்றாமல் நீங்கள் எந்த விதியை மாற்றினாலும் ஆட்டம் உருப்படாது.

நான்கைந்து பேர் இருந்தால்தான் ஆட்டம் என்று யார் சொன்னது? கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் உருவாக்கிய இந்த ஆட்டம் 1974இல் அச்சுக்கு வந்தது. அதற்கு முன் தன் வீட்டில் கைகாக்ஸ் அதை முதன்முதலில் ஆடிப் பார்த்தது தன் பிள்ளைகள் இருவரோடுதான். மகனுக்கு 11 வயது, மகளுக்கு 9. பின்னாளில் ராப் குன்ட்ஸ் என்ற இளைஞர் அவர் கதையின் நிலவறைகளுக்குள் பலமுறை தனியாகவே இறங்கியிருக்கிறார். நடத்துபவர் ஒருவர், ஆடுபவர் ஒருவர் என்ற கணக்குக்கென்றே விதிகள் எழுதப்பட்ட ஆட்டமும் 2017இல் வெளிவந்திருக்கிறது. முடியுமா என்று கேட்காதீர்கள். முடியும்.

பகடைக்காக அலைய வேண்டாம். 1 முதல் 20 வரை எழுதிய துண்டுகளை ஒரு பேணியில் போட்டுக் குலுக்கி, ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போடுங்கள், கணக்கு ஒன்றுதான். மொழியைப் பற்றியும் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நாடக வசனமாக இருக்கிறது என்றால் நீங்கள் நாடகத் தமிழில் பேசுகிறீர்கள். சாப்பாட்டு மேசையில் அவளோடு எந்தத் தமிழில் சண்டை பிடிக்கிறீர்களோ அந்தத் தமிழில் காவலனையும் பேச விடுங்கள்.

இனி அந்த மூன்று காவலர்கள். அவள் ஒருமுறை வாளை வீசுவதற்குள் அவர்கள் மூன்றுமுறை வீசுவார்கள். ஐந்து பேர் ஆடிய மேசையின் சண்டையை அப்படியே தூக்கி ஒருத்தியின் தலையில் வைத்தால் வேறு என்ன நடக்கும்? சண்டையில் மட்டும் இல்லை இந்தக் கணக்கு. 11 அல்லது அதற்கு மேல் விழுந்தால் மறைந்திருக்கும் கதவு கண்ணில் படும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் தேடினால் 16இல் 15 தடவை யாராவது ஒருவர் கண்டுபிடித்துவிடுவார். ஒருத்தி தேடினால் பாதிக்குப் பாதிதான். கதை நகர அந்தக் கதவு தேவையென்றால் அதைப் பகடையில் தொங்கவிடாதீர்கள். கண்டுபிடித்துவிட்டாள் என்றே வைத்துக்கொண்டு, அதற்கு எவ்வளவு நேரம் போனது, சத்தம் யார் காதில் விழுந்தது என்பதற்குப் பகடையை உருட்டுங்கள்.

தோற்றால் சாவு என்பதையும் விட்டுவிடுங்கள். ஐவரில் ஒருவர் செத்தால் மற்ற நால்வர் கதையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அவள் செத்தால் கதைக்கு ஆளில்லை. உங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற கடலுக்கு அப்பால்தான் கொட்டியாரக் குடா இருக்கிறது. 1659இல் அடித்த புயலில் பாய்மரம் போன ஓர் ஆங்கிலக் கப்பல் புது மரம் தேடி அங்கே வந்தது. கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் கப்பல் தலைவனையும் அவன் மகன் ரொபர்ட் நொக்ஸையும் இன்னும் சிலரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். தகப்பன் சிறையிருப்பிலேயே காய்ச்சலில் செத்தான். மகன் தொப்பி பின்னி விற்றான், நெல்லைக் கடன் கொடுத்துப் பிழைத்தான், வழிகளைப் படித்தான். 1679இல் ஒரேயொரு தோழனோடு காடு தாண்டி அரிப்பு என்ற ஊரிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தான். காவலர்கள் அன்று அந்தக் குடாக்கரையில், மூதூரில், அவனை வெட்டிப் போட்டிருந்தால் இன்று நாம் பேச ஒன்றும் இருந்திருக்காது. உங்கள் காவலர்களும் பிடிக்கட்டும், பூட்டி வைக்கட்டும், கடன்காரியாக்கட்டும். கொல்ல வேண்டாம்.

துணைப் பாத்திரங்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒன்று இருக்கலாம், அவள் கேட்டால். வழிகாட்டத் தெரியாத, அவளிடம் வேலை வாங்கிக்கொள்கிற ஒரு பையனோ, நாயோ. அதற்கு மேல் வேண்டாம். நீங்கள் இரண்டு வீரர்களைச் சேர்த்தால் என்ன நடக்கும் தெரியுமா? உங்கள் வீரன் கேட்பான், உங்கள் மந்திரவாதி பதில் சொல்வான், உங்கள் காவலன் மறுப்பான். அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உங்களையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

நீங்கள் ஏன் அந்தத் துணையைத் தேடுகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். ஐந்து பேர் இருந்தபோது ஒருவன் யோசித்தால் இன்னொருவன் பேசுவான், உங்களுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். ஒருத்தி எதிரே இருக்கும்போது அவள் யோசித்தால் மேசையில் மௌனம் விழுகிறது. அந்த மௌனத்தை உங்களால் தாங்க முடியவில்லை. உடனே காவலனை இருமவைக்கிறீர்கள், கதவைத் தட்டவைக்கிறீர்கள், "கோட்டைக்குள் ஏதோ வெளிச்சம் தெரிகிறது" என்கிறீர்கள். அவள் யோசித்துக்கொண்டிருந்ததை அழித்துவிடுகிறீர்கள். இந்த ஒன்றுக்காகத்தான் இந்தக் கடிதத்தையே எழுதுகிறேன்.

1985இல் எனக்கு ஒன்பது வயது. அம்மம்மாவின் வீடு திருக்கடலூரில், கடலுக்கு மிக அருகில். ஊரடங்கு நாட்களில் பின்னேரமே படலையைக் கட்டிவிடுவார்கள். மின்சாரம் இருக்காது. அரிக்கன் லாம்பின் திரியைத் தாழ்த்தி வைத்துவிட்டு அம்மம்மா பால்மாப் பேணி ஒன்றை எடுப்பார். அதற்குள் ஆறு சோகிகள். சிவராத்திரிக்குத் தாயம் ஆடுகிற சோகிகள்தான். எங்கள் ஆட்டம் வேறு. நான் ஒரு தோணியின் தண்டையல், அதை ஓட்டுகிற தலைவன். கொட்டியாரத்திலிருந்து நெல் ஏற்றிக்கொண்டு, கோணேசர் மலையைச் சுற்றி, எங்கள் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். காற்று, கள்ளர், ஓட்டை, தோணிக்குள் சண்டை, எல்லாம் அம்மம்மா. மூன்று சோகிக்கு மேல் மல்லாந்தால் கடல் என் பக்கம். அவர் எழுத்துக்கூட்டி வாசிப்பார், அவ்வளவுதான் படிப்பு. நீங்கள் சொல்கிற ஆட்டத்தின் பெயர் அவர் காதில் விழுந்திருக்கவே முடியாது.

ஓர் இரவு தோணி மலைக்கு அடியில் வந்துவிட்டது. கரையில் யாரோ ஒரு விளக்கை ஆட்டுகிறார்கள். நண்பனா, பிடிக்க வந்தவனா, தெரியாது. "தண்டையல், என்ன செய்யப்போகிறாய்?" என்று கேட்டுவிட்டு அம்மம்மா பாக்குவெட்டியை எடுத்தார்.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவர் ஒரு பாக்கை இரண்டாகப் பிளந்தார். ஒரு பாதியை மடியில் வைத்துக்கொண்டு மறு பாதியைச் சீவத் தொடங்கினார். இரும்பு இரும்பில் உரசும் சத்தம், பிறகு "டக்". சீவல் தட்டத்தில் விழும். மறுபடியும் உரசல். என்னைப் பார்க்கவில்லை, சோகிகளையும் பார்க்கவில்லை. ஒரு பாதி முடிந்தது. மடியிலிருந்த மற்றப் பாதியை எடுத்தார். அதுவும் முடியும் தறுவாயில் நான் சொன்னேன், "எங்கள் விளக்கை அணைத்துவிடுவேன்."

"அணைத்தால் உனக்கும் கரை தெரியாதே."

மறுபடியும் பாக்கு.

"சத்தத்தைக் கேட்டுப் போவேன். கல்லில் அடிக்கிற அலை வேறு, மணலில் அடிக்கிற அலை வேறு."

அம்மம்மா பாக்குவெட்டியைக் கீழே வைத்தார். லாம்பை ஊதி அணைத்தார். "அப்படியென்றால் கேள்" என்றார். இருட்டில் இரண்டு பேரும் கேட்டோம். ஊரே அடங்கிக் கிடந்ததால் கடல் மிகக் கிட்டத்தில் இருந்தது. மணலில் ஏறிய அலை சரசரவென்று நெடுநேரம் இழுபட்டுத் திரும்பியது. "இது மணல்" என்றேன். "கொண்டுவா தோணியை" என்றார். அன்று சோகி உருட்டவேயில்லை.

இரண்டு பாதிப் பாக்குச் சீவுகிற நேரம் எவ்வளவு இருக்கும்? இரண்டு நிமிடமா, மூன்றா? அந்த நேரத்தை அவர் எனக்குத் தந்தார். வெளியே என்னென்னவோ நடந்துகொண்டிருந்த ஓர் ஊரில், ஒன்பது வயதுப் பிள்ளையின் தீர்மானத்துக்காக ஒரு பெரிய மனுஷி காத்திருந்தார். கூட இன்னும் நாலு பிள்ளைகள் இருந்திருந்தால் யாராவது முந்திக்கொண்டு "திருப்புங்கள் தோணியை" என்று கத்தியிருப்பார்கள். அலையின் வேறுபாடு எனக்குத் தெரியும் என்பது எனக்கே தெரியாமல் போயிருக்கும்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் நான் பிழை விட்டேன். என் மகளுக்குப் பதின்மூன்று வயதில் இந்த ஆட்டத்தின் மீது ஆசை வந்தது. அவளுக்காகவே விதிகளைப் படித்தேன். நீங்கள் எழுதியதைப் போல நானும் பக்கம் பக்கமாக எழுதி வைத்தேன். அவள் வாயைத் திறப்பதற்குள் மூன்று வழிகளை எடுத்துக் கொடுத்தேன். நான்காவது வாரம் அவள் பென்சிலை மேசையில் வைத்துவிட்டு, "அப்பா, நீங்கள் எழுதியதை வாசித்தே காட்டுங்கள், நான் கேட்கிறேன்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் ஆடவில்லை. இன்று அவள் தூர தேசத்தில் இருக்கிறாள். தொலைபேசியில் நான் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருக்கப் பழகுகிறேன்.

அதனால் சொல்கிறேன் தம்பி, அந்த நாற்பது பக்கத்தை எடுத்து உள்ளே வையுங்கள். கிழிக்க வேண்டாம், உழைப்பு அது. ஆனால் அவள் கையில் அந்தக் கோட்டையைத் திணிக்காதீர்கள். நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோன கிழவியை உங்கள் தங்கை நின்று பார்த்திருக்கிறாள். கோட்டைக்கு வெளியே ஒருத்தி தண்ணீர் இறைக்கிறாள் என்றால் உள்ளே யாரோ தாகத்தோடு இருக்க வேண்டும், அல்லது உள்ளே கிணறு கெட்டிருக்க வேண்டும், அல்லது அந்தத் தண்ணீர் கோட்டைக்கே போகவில்லை. உங்கள் நாற்பது பக்கத்தில் இப்படி ஒரு கேள்வி இருக்கிறதா? அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் மூன்று வாள்களுக்கு முன்னால் நிறுத்தினீர்களே!

வருகிற சனிக்கிழமை கிணற்றடியிலிருந்தே தொடங்குங்கள். காவலர்கள் நடந்ததை நடக்காததாக்கிவிடலாம், அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு. கிழவி வாளியை மேலே இழுக்கிறாள், கயிறு ஈரமாக இருக்கிறது, அவள் பதில் சொல்லவில்லை, உங்கள் தங்கையையே பார்க்கிறாள். அவ்வளவு மட்டும் சொல்லுங்கள். பிறகு கைக்கு ஏதாவது வேலை வைத்துக்கொள்ளுங்கள். பாக்கு வேண்டாம், ஒரு தோடம்பழத்தை உரியுங்கள். முழுவதும் உரித்து முடியும்வரை வாயைத் திறக்காதீர்கள்.

அந்தத் தண்ணீர் யாருக்கு என்று அவள் கண்டுபிடித்ததும் எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். நான் காத்திருப்பேன்.

அன்புடன்.