மகள் ஏதென்ஸ் என்கிறாள், மாமா இன்ஜினியரிங் என்கிறார்

ஐயா, பள்ளி முடித்ததும் மகளை என்ன படிக்க வைக்கலாம் என்று கேட்க, போன சனிக்கிழமை நீங்கள் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தபோது, அவள் மடியில் ஒரு செருப்புப் பெட்டி இருந்ததே, அதைப் பற்றி நாம் பேசவே இல்லை. நீங்கள் வெளியே போன் பேசப் போன பத்து நிமிடத்தில் அவள் அதைத் திறந்து காட்டினாள். பெட்டியின் மூடியில் பிளேடால் வரிசை வரிசையாகக் கீறல்கள், வரிசைக்கு ஆறு. பழைய கல்யாணப் பத்திரிகையை நறுக்கி, வகுப்பில் உள்ள 36 பேரின் பெயர்களையும் எழுதிச் செருகியிருந்தாள். பக்கத்தில் பேனாக் குழாய். அதற்குள் கறுப்பும் வெள்ளையுமாகப் பாசிமணிகள். குழாயின் அடியிலிருந்து வெள்ளை மணி விழுந்தால் அந்த வரிசையில் உள்ள ஆறு பேரும் தேர்வு, கறுப்பு விழுந்தால் ஆறு பேரும் இல்லை. பண்டைய கிரேக்கத்தில் ஏதென்ஸ் நகரத்தார் நீதிமன்ற நடுவர்களைக் குலுக்கலில் எடுக்கப் பயன்படுத்திய கிளெரோடீரியன் என்ற கல் பொறியின் மாதிரி அது. வகுப்பில் லேப் சுத்தம் செய்யும் முறையை அதை வைத்துத்தான் பிரிக்கிறார்களாம்.

அன்று உங்களிடம் "கவலைப்படாதீங்க, பார்த்துக்கலாம்" என்று சொல்லி அனுப்பினேன். அந்தப் பேச்சு போதாது. நிர்வாக ஒதுக்கீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் வாங்க வேண்டாம். பாத்திரக் கடையின் பேரில் கடன் வாங்கி, நான்கு வருடம் பிடிக்காத பாடத்தில் அவளை உட்கார வைப்பது அவளுக்கும் நல்லதல்ல, கடைக்கும் நல்லதல்ல. உங்கள் மைத்துனர் நல்லதை நினைத்துத்தான் சொல்கிறார். ஆனால் தவணை கட்டப்போவது நீங்கள், தேர்வு எழுதப்போவது அவள்.

"பழங்கதை படிச்சா சோறு போடுமா?" என்று கேட்டீர்கள். அவள் படிப்பது கதையில்லை. அவள் நோட்டில் பெய்சிஸ்ட்ராடஸ் பற்றி ஒரு பக்கம் இருக்கிறது. கி.மு. ஆறாம் நூற்றாண்டில் ஏதென்ஸைத் தன் கைக்குள் வைத்திருந்த கொடுங்கோலன் அவர். கொடுங்கோலன் என்றதும் நமக்குச் சவுக்கும் சிறையும்தான் நினைவுக்கு வரும். இவரோ ஏழை விவசாயிகளுக்குக் கடன் கொடுத்தார், நீதிபதிகளைக் கிராமங்களுக்கே அனுப்பி வைத்தார். ஏன் என்ற காரணத்தையும் அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் 'ஏதெனியர்களின் அரசமைப்பு' சொல்லிவிடுகிறது: மக்கள் நகரத்தில் வந்து கூடக் கூடாது, தங்கள் வேலையிலேயே மூழ்கிக் கிடக்க வேண்டும், பொது விஷயத்தை யோசிக்க ஆசையோ நேரமோ இருக்கக் கூடாது. உங்கள் மகள் அதன் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறாள்: "நல்லதுதான் செய்தார். ஆனால் வயலை விட்டு வராதே என்றும் சொன்னார்." பதினேழு வயதில் இந்த வரியை எழுதிய பெண்ணை நான் இதுவரை பார்த்ததில்லை.

பெய்சிஸ்ட்ராடஸுக்குப் பின் ஆண்ட அவர் மகன் ஹிப்பியாஸ் கி.மு. 510இல் துரத்தப்பட்டான். இரண்டு மூன்று ஆண்டுகளில் கிளெய்ஸ்தனிஸ் என்ற தலைவர் மக்களைப் பத்துப் பிரிவுகளாக மாற்றிப் பிரித்தார். பிரிவுக்கு 50 பேர் என்று 500 பேர் கொண்ட மன்றம் உருவானது. பின்னாளில் அந்த மன்றத்துக்கும் குலுக்கல்தான். முப்பது வயது தாண்டிய குடிமகன் எவரும் வரலாம், வாழ்நாளில் இரண்டு முறைக்கு மேல் கூடாது. மன்றத்தின் தலைமை ஒருவருக்கு ஒரே ஒரு நாள். கருவூலச் சாவியும் நகரத்தின் முத்திரையும் அன்று அவரிடம், மறுநாள் வேறொருவரிடம். அதிகாரம் ஒருவர் கையில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க என்னவெல்லாம் யோசித்திருக்கிறார்கள் பாருங்கள். "அந்தக் கல்லில் என் பேரைச் செருக விடுவார்களா சார்?" என்று அவளே கேட்டாள். விடமாட்டார்கள். பெண்களுக்கும் அடிமைகளுக்கும் வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கும் அங்கே இடமில்லை. அதையும் மறைக்காமல் நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள்.

சட்டம், ஐ.ஏ.எஸ். பற்றியெல்லாம் ஊரே சொல்லும், நான் சொல்ல வேண்டியதில்லை. யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஏதென்ஸ் பல்கலைக்கழகத்தில் பண்டைய கிரேக்கத்தின் தொல்லியல், வரலாறு, இலக்கியம் மூன்றையும் சேர்த்து ஒரு இளங்கலைப் படிப்பு இருக்கிறது. நான்கு ஆண்டுகள், முழுக்க ஆங்கிலத்தில். வெளிநாட்டு மாணவர்களுக்காகவே தொடங்கியது. பண்டைய கிரேக்க மொழியையும் அங்கேயே கற்றுத் தருகிறார்கள். வகுப்பு முடிந்து, பழைய ஏதென்ஸின் சந்தைத் திடலான அகோராவில் உள்ள அருங்காட்சியகத்துக்குப் போனால், அவள் அட்டையில் செய்த அந்தப் பொறியின் உண்மையான கல் துண்டு கண்ணெதிரே நிற்கும். யாரை ஊரைவிட்டு அனுப்பலாம் என்று குடிமக்கள் பெயர் கீறிப் போட்ட பானை ஓடுகள் இருக்கும். வாக்கு 6,000 சேர்ந்தால், அதிகப் பேர் கீறிய பெயருக்குரியவர் பத்து ஆண்டு வெளியே இருக்க வேண்டும், சொத்து மட்டும் அவருடையதாகவே இருக்கும். ஒரே கிணற்றில் தெமிஸ்டோகிளிஸ் என்ற ஏதென்ஸ் தலைவரின் பெயர் எழுதிய 190 ஓடுகள் கிடைத்தன. கையெழுத்தைப் பார்த்தால் சில பேர்தான் அத்தனையையும் எழுதியிருக்கிறார்கள். முன்கூட்டியே எழுதி வைத்து விநியோகித்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கொடுங்கோலனாக முயல்பவனைக் கொன்றவன் குற்றவாளி அல்ல என்ற கி.மு. 336ஆம் ஆண்டுச் சட்டக் கல்லும் அங்கேதான் இருக்கிறது. அங்கிருந்து மக்கள் சபை கூடிய நிக்ஸ் குன்றுக்கு நடந்தே போகலாம்.

சரி, பணம். நான் அறிந்தவரை கட்டணம் ஆண்டுக்கு 6,000 யூரோ. விண்ணப்பிக்கும் முன் பல்கலைக்கழகத் தளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நான்கு ஆண்டுக்கு 24,000 யூரோ, இருபது லட்சத்தைத் தாண்டும். தங்குவதும் சாப்பாடும் தனி. கையில் இருக்கும் பணத்தில் முடிந்தால் அனுப்புங்கள். கடையையோ வீட்டையோ அடமானம் வைத்து அனுப்புவதாக இருந்தால், இன்ஜினியரிங்குக்குச் சொன்ன அதே பதில்தான், வேண்டாம். அப்போது பக்கத்து ஊர் அரசுக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு சேரட்டும். கட்டணம் உங்களுக்குச் சுமையாகவே தெரியாது. மூன்று வருடமும் வீட்டிலிருந்தே கிரேக்க மொழி படிக்கட்டும். மூல நூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. முதுகலைக்கு உதவித்தொகையோடு வெளியே போகலாம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இந்தப் படிப்பு முடிந்ததும் வாசலில் வேலை காத்திருக்காது. ஆராய்ச்சி, கல்லூரி ஆசிரியர் பணி, அருங்காட்சியகம் என்று எந்தப் பக்கம் போனாலும் எட்டுப் பத்து வருடம் பிடிக்கும். அதுவரை கல்யாணப் பேச்சை எடுக்காமல் இருக்க முடியுமா என்று நீங்களும் அம்மாவும் முதலில் பேசி முடிவு செய்யுங்கள். அவளிடம் நான் இதைக் கேட்டுவிட்டேன். இருபத்தேழு வயது வரை படிக்கத் தயார் என்றாள்.

வரும் ஞாயிறு மைத்துனரையும் கூட்டி வாருங்கள், அவரோடு நானே பேசுகிறேன். அந்தச் செருப்புப் பெட்டியைப் பரண்மேல் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். விண்ணப்பக் கடிதத்தில் முதல் பத்தியே அதைப் பற்றித்தான் எழுதச் சொல்லியிருக்கிறேன்.