பழைய போராட்டத் தோழர்களோடு மலையில் இரண்டு நாள்: கேள்வி பதில்

மேற்குத் தொடர்ச்சி மலைக்காக ஒரு காலத்தில் சேர்ந்து அலைந்தவர்கள் பலர் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார்கள். மறுபடி கூடி, மலையில் கூடாரம் போட்டுத் தங்க ஆசைப்படுகிறார்கள். அப்படிப்பட்ட சந்திப்புகளை ஆண்டுதோறும் ஏற்பாடு செய்யும் கோவை அக்கா ஒருவர் பதில் சொல்கிறார்.

அக்கா, 1987 நடைப்பயணத்தில் வந்தவர்கள் ஏழெட்டுப் பேர் இன்னும் தொடர்பில் இருக்கிறோம். எங்கே கூடலாம்? (நாகர்கோவில்)

தெற்கு அணியா நீங்கள்? உங்களுக்கு நான் மலையைக் காட்ட வேண்டியதில்லை. இளையவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்: மேற்குத் தொடர்ச்சி மலையைக் காக்கச் சொல்லி 1987 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரியிலிருந்து ஓர் அணியும், மகாராஷ்டிரத்தின் நவாபூரிலிருந்து இன்னோர் அணியும் கிளம்பின. மலையை ஒட்டியே நடந்து 1988 பிப்ரவரியில் கோவாவில் சந்தித்தன.

என் ஓட்டு கோத்தகிரிக்கு. 2010 பிப்ரவரியில் பழைய நடைப்பயணக்காரர்களும் புதியவர்களும் அங்கேதான் கூடினார்கள். அப்போதைய மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷும் வந்திருந்தார். அடுத்த மாதமே சூழலியல் அறிஞர் மாதவ் காட்கில் தலைமையில் மேற்குத் தொடர்ச்சி மலைக்கான நிபுணர் குழு அமைந்தது. அதற்காக நீங்களும் தீர்மானம் போட்டுக் கையெழுத்து வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். நிம்மதியாக டீ குடித்துவிட்டு வாருங்கள். நீலகிரிக்கு இ-பாஸ் மட்டும் மறக்காதீர்கள்.

காட்டுக்குள்ளேயே கூடாரம் போட்டால்தானே சுகம்? அந்தக் காலத்தில் யாரும் கேட்கவில்லையே. (தேனி)

தேனிக்காரர் கேட்கலாமா இதை? 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்களே. அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கு விதிமுறைகள் இறுகின. காப்புக்காட்டில் அனுமதி இல்லாமல் கால் வைப்பதே குற்றம். பகலில் நடக்க வேண்டுமென்றால் வனத்துறை 2024இல் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் பதிவு செய்யுங்கள். 40 பாதைகள் இருக்கின்றன, உள்ளூர்க்காரர்களே வழிகாட்டிகளாக வருவார்கள். கோடையில் தீப்பிடிக்கும் மாதங்களில் மூடிவிடுவார்கள்.

இரவுக்குத் தனியார் தோட்டம்தான் வழி. அங்கேயும் யானை வரும் பக்கம் எது என்று தோட்டத்தில் வேலை செய்பவர்களிடம் கேளுங்கள். முதலாளியிடம் கேட்டால் "அதெல்லாம் வராது சார்" என்பார். 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில் ஒரு விடுதியின் கூடாரத்தில் தங்கியிருந்த பெண்ணை யானை தாக்கிக் கொன்றது. காடு நமக்குப் பழக்கம்தான் என்ற நினைப்பு நம் வயதுக்காரர்களுக்குக் கொஞ்சம் அதிகம்.

கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்குக்கு (சைலன்ட் வேலி) போகலாம் என்கிறார் நண்பர். முட்டிவலிக்காரர்களுக்குச் சரிப்படுமா? (பொள்ளாச்சி)

தாராளமாக. கோவையிலிருந்து ஆனைகட்டி, அகளி வழியாக முக்காலி. அங்கிருந்து சைரந்திரி வரை 23 கிலோமீட்டரும் வனத்துறை ஏற்பாட்டில் வண்டியிலேயே போகலாம். இரவு தங்கல் முக்காலிப் பக்கம்.

சைரந்திரியில் ஒரு கண்காணிப்புக் கோபுரம் இருக்கிறது. முட்டி ஒத்துழைத்தால் ஏறுங்கள். கீழே பச்சைக்கு நடுவே குந்திப்புழா தெரியும். கேரள மின்வாரியம் நீர்மின் திட்டத்துக்காக அணை கட்ட நினைத்தது அந்த ஆற்றில்தான். மக்கள் அறிவியல் இயக்கமான கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் அதை எதிர்த்து ஊர் ஊராகப் போய்ப் பேசியது, கவிஞர்கள் எழுதினார்கள். வெடிப்பலா மரங்களை நம்பி வாழும் சிங்கவால் குரங்கு நாடு முழுக்கத் தெரிந்த முகமானது. திட்டம் கைவிடப்பட்டு, 1984இல் தேசியப் பூங்கா அறிவிப்பு வந்தது. மறு ஆண்டு செப்டம்பரில் ராஜீவ் காந்தி திறந்துவைத்தார். ஆற்றைப் பார்த்து நின்றுகொண்டு "இங்கே சுவர் வந்திருக்கும்" என்று ஒருவர் கை நீட்டுவார் பாருங்கள், அதற்காகவே போகலாம். நம் கூட்டத்தில் வாய் ஓயாதவர்கள்கூட அங்கே சற்று நேரம் பேச மாட்டார்கள்.

எங்கள் குழுவில் முன்னால் நின்று கோஷம் போட்டவர் இப்போது கல்குவாரிகளுக்கு அனுமதி வாங்கித் தரும் ஆலோசகர். அழைக்கலாமா? பாதிப் பேர் வேண்டாம் என்கிறார்கள். (பெயர் வேண்டாம்)

அழையுங்கள். ஆனால் எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லிவிட்டு அழையுங்கள். அங்கே வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது யாருக்கும் நல்லதல்ல.

வயிற்றுப்பாட்டுக்காகப் பாதை மாறியவர்கள் எல்லா இயக்கத்திலும் உண்டு. சிறைக்குப் போய்விட்டு வந்தவருக்கு யார் வேலை கொடுத்தார்கள், யார் கடனை அடைத்தார்கள் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். அதற்காக அவர் செய்வது சரி என்று ஆகிவிடாது. நான் பார்த்தவரை முதல் இரவில் இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. மறுநாள் காலை, இரண்டு பேர் மட்டும் பாத்திரம் கழுவும்போது கேளுங்கள். கை வேலையாக இருந்தால் மனிதர்கள் உண்மையைச் சொல்கிறார்கள். ஒரே ஒரு நிபந்தனை: உங்கள் ஊரில் இப்போது நடக்கிற வழக்கில் அவர் எதிர்த்தரப்பு என்றால், வழக்கு முடியட்டும்.

அறுபத்தைந்து வயதில் தரையில் படுக்க முடியுமா? (மதுரை)

மடக்குக் கட்டில் வாங்குங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. கூடாரத்துக்குள் நுழையும் அளவா என்று வீட்டிலேயே விரித்துப் பாருங்கள். டிசம்பர் இரவில் குளிர் கீழேயிருந்துதான் ஏறும், அதனால் கட்டிலின் மேல் ஒரு தடித்த கம்பளி, அப்புறம் தூக்கப்பை. கழிப்பறைக்குப் போகும் பாதையில் கயிறு கட்டிவிடுங்கள். கூடாரத்தை இழுத்துக் கட்டும் கயிறுகளில் வெள்ளைத் துணி முடிந்து வையுங்கள், இல்லாவிட்டால் இரவில் யாராவது தடுக்கி விழுவார். மாத்திரைகளை இரண்டு பங்காகப் பிரித்து, ஒன்றை நண்பர் பையில் போடுங்கள்.

கொடைக்கானல் வேண்டாம் என்று எங்கள் ஆட்கள் பிடிவாதம். ஏன் அக்கா? (திண்டுக்கல்)

கூட்டம் பிடிக்காமல் இருக்கும். ஆனால் அங்கே இந்துஸ்தான் யூனிலீவர் நடத்திய பாதரச வெப்பமானி ஆலையை எதிர்த்த போராட்டத்தில் இருந்தவர்கள் என்றால் போகாமல் இருக்கவே கூடாது. 2001இல் ஆலை மூடியது, 2003இல் 290 டன் கழிவு அமெரிக்காவுக்குத் திரும்பிப் போனது, 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாடு ஏற்பட 2016 ஆனது. சுற்றிப் பார்ப்பதை ஒரு வேளைக்கு நிறுத்திவிட்டு அந்தத் தொழிலாளர் வீடு ஒன்றுக்குப் போய் வாருங்கள். வெறுங்கையோடு போகாதீர்கள், சாப்பிடாமல் திரும்பாதீர்கள்.

தீ மூட்டிப் பாட்டு? (சென்னை)

பாட்டு உண்டு, தீ கிடையாது. நடுவில் ஒரு சோலார் விளக்கு போதும். ஸ்பீக்கர் கொண்டு வருபவரை அடுத்த ஆண்டு அழைக்க வேண்டாம்.

அட்டைக் கடிக்கு? (வால்பாறை)

வால்பாறையிலிருந்து என்னிடம் கேட்கிறீர்களா? சரி, மற்றவர்களுக்காக: முட்டி வரை வரும் அட்டைக் காலுறை போடுங்கள். கடித்துவிட்டால் பிய்க்காதீர்கள், நகத்தால் ஓரமாக நெம்பி விடுங்கள். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு ரத்தம் நிற்க நேரமாகும், பஞ்சும் கட்டும் கூடுதலாக வேண்டும்.