பீட் ரோஸுக்காக அழுபவர்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சூதாட்டத்தில் சிக்கிய விளையாட்டு வீரர்களைப் பற்றி எழுதியபோது பேஸ்பால் வீரர் பீட் ரோஸின் பெயரை ஒரே வரியில் தொட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். நான் அமெரிக்காவில், அவர் ஆடிய ரெட்ஸ் அணியின் ஊரான சின்சினாட்டியில் வசிக்கிறேன். இங்கே அந்தப் பெயரை அப்படிக் கடந்துபோக முடியாது. எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு எழுபது தாண்டிவிட்டது. 2024 நவம்பரில் ரோஸுக்கு மைதானத்தில் அஞ்சலி நடந்தபோது வரிசையில் நின்று பார்த்துவிட்டு வந்தார். “ஆனாலும் அவன் எங்களிடம் பொய் சொன்னான்” என்று அவரேதான் கசப்போடு சொல்கிறார். என் மகளின் சாஃப்ட்பால் பயிற்சியாளரோ அந்தப் பெயரையே எடுக்க விடமாட்டார். நம் நாட்டில் அசாருதீனை எம்.பி.யாகவே ஆக்கிவிட்டோம். இவர்களால் மட்டும் ஏன் இத்தனை வருடமாக ஒரு முடிவுக்கு வர முடியவில்லை? பேஸ்பாலின் தலைசிறந்தவர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் ரோஸுக்கு இடம் தரவேண்டுமா, கூடாதா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஆர்.
சின்சினாட்டி

அன்புள்ள ஆர்.,

அசாருதீன் கதையை முதலில் தள்ளி வைத்துவிடுவோம். அவர்மீது வந்தது பணம் வாங்கிக்கொண்டு ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார் என்ற குற்றச்சாட்டு. வாரியம் விதித்த ஆயுள் தடையை 2012இல் ஆந்திர உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. ரோஸ் விஷயம் வேறு. தன் அணி ஜெயிக்கும் என்றே பந்தயம் கட்டினேன், தோற்கும் என்று ஒருநாளும் கட்டவில்லை என்று, பந்தயத்தை ஒப்புக்கொண்டபிறகு கடைசிவரை சொன்னவர் அவர். சின்சினாட்டிக்காரர்களால் அவரை விடவும் முடியாமல் ஏற்கவும் முடியாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

உங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் 1975இல் இருபதை ஒட்டிய இளைஞராக இருந்திருப்பார். அந்த வருடமும் அடுத்த வருடமும் ரெட்ஸ் அணி, பேஸ்பாலின் இறுதிக் கோப்பையான உலகத் தொடரை வென்றது. ஜானி பெஞ்ச், ஜோ மார்கன், டோனி பெரெஸ் என்று வரம் வாங்கி வந்தவர்கள் நிறைந்த அணி. அதில் ரோஸ் உள்ளூர்ப் பையன், நகரத்தின் மேற்குப் பக்கத்து உழைப்பாளிகள் மத்தியில் வளர்ந்தவர். பெரிய வேகம் கிடையாது, எறியும் கையில் பெரிய வலுவும் கிடையாது. பிட்சர், அதாவது பந்து வீசுகிறவர், நான்கு பந்துகளைத் தப்பாகப் போட்டுவிட்டால் பேட்டர் முதல் பேஸுக்கு, அதாவது ஓடி எட்டவேண்டிய முதல் இடத்துக்கு, நடந்தே போகலாம். எல்லோரும் நடப்பார்கள். ரோஸ் ஓடுவார். யாங்கீஸ் வீரர்கள் கேலியாக வைத்த ‘சார்லி ஹஸில்’ என்ற பெயர் அவருக்குப் பட்டமாகவே நிலைத்தது. அடுத்த பேஸை எட்டத் தலை முன்னால் போகும்படி மண்ணில் பாய்வார். மைதானத்துக்கு வெளியே இன்று நிற்கும் சிலையும் அப்படித்தான் பாய்ந்துகொண்டிருக்கிறது. காலையில் வேலைக்குப் போய் உடம்பு நோகத் திரும்புகிறவன் தன்னை அதில் பார்த்தான். திறமையை வியக்கலாம். உழைப்பைச் சொந்தம் கொண்டாடத் தோன்றும்.

எண்ணைச் சொல்கிறேன்: 24 பருவங்களில் 4,256 ஹிட். பந்தை அடித்து, அவுட் ஆகாமல் பேஸை எட்டினால் ஒரு ஹிட். ஒரே பருவத்தில் 200 ஹிட் அடிப்பதே பெரிய காரியம். அப்படி 21 வருடம் இடைவிடாமல் அடித்தாலும் 4,200தான் வரும். 1985 செப்டம்பர் 11 இரவு, சான் டியேகோ அணியின் எரிக் ஷோ வீசிய பந்தை இடதுபக்க வெளிக்களத்தில் தட்டிவிட்டு 4,192ஆவது ஹிட்டை எடுத்தார். டை காப் என்ற பழைய வீரர் வைத்திருந்த அதிக ஹிட் சாதனை உடைந்தது. ஆட்டம் நின்றது. கூட்டம் நிமிடக்கணக்காகக் கைதட்டியது. முதல் பேஸில் தனியாக நின்ற ரோஸ், பயிற்சியாளர் டாமி ஹெல்ம்ஸின் தோளில் முகம் வைத்து அழுதார். மகன் ஓடிவந்து கட்டிக்கொண்டான். அப்போது அவருக்கு 44 வயது. அந்த அணியின் வீரரும் அவர்தான், ஆட்டத்தில் அணியை நடத்தும் மேனேஜரும் அவர்தான். அரங்கில் இருந்தவர்கள் அந்த இரவைத் தம் வீட்டு விசேஷம்போலச் சொல்வார்கள்.

நான்கே வருடம். 1989 ஆகஸ்ட் 24 அன்று பேஸ்பால் ஆணையர் பார்ட் ஜியாமட்டி அவருக்கு நிரந்தரத் தடை விதித்தார். ஜான் டௌட் என்ற வழக்கறிஞர் தயாரித்த விசாரணை அறிக்கை, ரெட்ஸின் மேனேஜராக இருந்துகொண்டே 1987இல் தன் அணியின் 52 ஆட்டங்களின்மீது ரோஸ் பந்தயம் கட்டினார் என்றது. இது தெரியாமல் செய்த தப்பு என்று சொல்ல வழியே இல்லை. நீ பங்கேற்கும் ஆட்டத்தில் பந்தயம் கட்டினால் நிரந்தரத் தடை என்ற விதியை ஒவ்வொரு அணியின் உடைமாற்றும் அறையிலும் ஒட்டி வைத்திருக்கிறார்கள். அத்தனை கண்டிப்புக்குக் காரணம் 1919. சிகாகோ வொயிட் சாக்ஸ் வீரர்கள் சூதாடிகளிடம் பணம் வாங்கிக்கொண்டு உலகத் தொடரை விட்டுக்கொடுத்த வருடம். எட்டுப் பேர் ஆயுளுக்கும் வெளியேற்றப்பட்டார்கள். அந்தத் தொடரில் ஜெயித்த அணி எது தெரியுமா? உங்கள் சின்சினாட்டிதான். ரெட்ஸின் முதல் உலகத் தொடர் வெற்றிமேலேயே இந்தக் கறை இருக்கிறது.

ஜெயிக்கத்தானே பந்தயம் கட்டினார், அதில் என்ன தப்பு என்று கேட்பவர்கள் உண்டு. மேனேஜர் இன்று பணம் கட்டியிருந்தால், நாளைக்குத் தேவைப்படும் பிட்சரின் கையை இன்றைக்கே தேய்த்துவிடுவார். பணம் கட்டாத நாளில், இன்று என் அணியின்மேல் எனக்கே நம்பிக்கை இல்லை என்று, பந்தயப் பணம் வாங்கும் புக்கிக்குச் சொல்லாமல் சொல்கிறார். கடன் ஏறிவிட்டால் அந்த புக்கியின் பிடியில் ஒரு அணியே இருக்கும்.

ஆனால் உங்கள் பெரியவர் சூதாட்டத்தைச் சொல்லவில்லை, பொய்யைச் சொன்னார். அதுதான் சரியான இடம். 1989இலிருந்து 2004 வரை, பேஸ்பால்மேல் பந்தயமே கட்டியதில்லை என்று ரோஸ் சாதித்தார். அந்தப் பதினைந்து வருடமும் கடையிலும் அலுவலகத்திலும் அவருக்காக வாதாடியவர்கள் இந்த ரசிகர்கள். கேட்டவர்கள் சிரித்தபோதும் விட்டுக்கொடுக்கவில்லை. பிறகு தன் சுயசரிதை வெளியானபோது, ஆமாம், கட்டினேன் என்றார். மன்னிப்புக் கேட்கும் வாசகத்தைப் பந்துகளில் எழுதிக் கையெழுத்திட்டு விற்றார். மேனேஜராக மட்டும்தான் கட்டினேன் என்று அவர் வைத்திருந்த மிச்சமும் 2015இல் போயிற்று. 1986இல் வீரராக ஆடியபோதே பந்தயம் கட்டியதைக் காட்டும் குறிப்பேட்டுப் பக்கங்கள் வெளியாயின. நம்பியவனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி நிறுத்திவிட்டு, கேட்டதெல்லாம் பொய் என்று பின்னால் சொல்வது பந்தயத்தைவிடப் பெரிய துரோகம் என்பேன். அத்தனைக்கும் பிறகு அஞ்சலி வரிசையில் நின்ற உங்கள் பெரியவரை நான் மதிக்கிறேன்.

இப்போது அந்தப் பயிற்சியாளருக்கு வருகிறேன். அவர் மனதில் இருப்பது அநேகமாகச் சூதாட்டமாக இராது. 2017இல், டௌட்மீது ரோஸ் போட்ட அவதூறு வழக்கில் ஒரு பெண்ணின் பிரமாண வாக்குமூலம் தாக்கலானது. 1973இல், தனக்குப் பதினாறு வயது ஆவதற்குமுன்பே ரோஸ் தன்னோடு பாலுறவு வைத்திருந்தார் என்றார் அவர். உறவு இருந்ததை ரோஸ் ஒப்புக்கொண்டார். அது 1975இல் தொடங்கியது, அவளுக்கு அப்போது பதினாறு என்றே நினைத்தேன் என்றார். சின்சினாட்டி இருக்கும் ஒஹையோ மாநிலத்தில் பாலுறவுக்கான சம்மத வயது பதினாறு. ரோஸுக்கு அப்போது 34 வயது, மணமானவர். அவர் முன்பு ஆடிய பிலடெல்ஃபியா அணி அவருக்குச் செய்யவிருந்த கௌரவத்தை அந்த வருடம் கைவிட்டது. 2022 ஆகஸ்டில் அதே அணி, 1980இல் கோப்பை வென்றவர்களுக்கான விழாவுக்கு அவரை அழைத்தது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. இந்த விஷயத்தைக் கேட்ட ஒரு பெண் நிருபரிடம், “அது 55 வருடத்துக்கு முந்தைய கதை, பேப்” என்றார் ரோஸ். பேஸ்பால் உலகம் முப்பது வருடத்துக்கும் மேலாக ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிப் பேசியது: பந்தயம் கட்டியவனை மன்னிக்கலாமா? அந்தக் கேள்வியின் சத்தத்தில் இந்தப் பெண்ணின் குரல் கேட்காமலே போயிற்று. ரோஸைப் பற்றிய சச்சரவில் என்னை உறுத்துவது இதுதான்.

பேஸ்பால் லீகின் நடத்தையும் எனக்குக் கோபம் தருகிறது. 2018இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு விளையாட்டுப் பந்தயத்தைத் திறந்துவிட்டது. அதே வருடம் சூதாட்ட நிறுவனம் ஒன்றை பேஸ்பால் தன் அதிகாரப்பூர்வக் கூட்டாளியாக்கிக்கொண்டது. ஒஹையோவில் பந்தயம் சட்டபூர்வமான 2023 ஜனவரி 1 அன்று, உங்கள் ஊர்க் கேசினோவில் முதல் பந்தயத்தைக் கட்ட அழைக்கப்பட்டவர் ரோஸ். ரெட்ஸ் கோப்பை வெல்லும் என்று கட்டினார். வீரர்கள் பந்தயம் கட்டக்கூடாது என்ற விதி மாறவில்லை, மாறவும் கூடாது. 2024இல்கூட ஒரு வீரர் ஆயுள் தடை பெற்றார். ஆனால் அந்த விதியைச் சொல்லும் வாயே நாள் முழுக்கப் பந்தய விளம்பரமும் செய்தால் இளைஞர்கள் எதை எடுத்துக்கொள்வார்கள்?

ரோஸ் 2024 செப்டம்பர் 30 அன்று 83 வயதில் இறந்தார். மறுவருடம் மே மாதம் ஆணையர் ராப் மான்ஃபிரெட், நிரந்தரத் தடை இறப்போடு முடிகிறது என்று அறிவித்து அவர் பெயரைத் தடைப் பட்டியலிலிருந்து நீக்கினார். 2027 டிசம்பரில் ஹால் ஆஃப் ஃபேமின் பதினாறு பேர் கொண்ட குழு அவர் பெயரைப் பரிசீலிக்கலாம். பன்னிரண்டு வாக்கு வேண்டும்.

அவர் பெயர் வாக்குச்சீட்டில் வரட்டும் என்றே நினைக்கிறேன். கதவை மூடியே வைத்திருந்தால் அவர் இன்னும் நூறு வருடம் தியாகியாகவே இருப்பார். ஆனால் என்னிடம் ஒரு வாக்கு இருந்தால் அதை அவருக்குப் போடமாட்டேன். 4,256ஐ யாரும் அழிக்கவில்லை. புத்தகத்தில் அது முதலிடத்தில் இருக்கிறது, ஹால் ஆஃப் ஃபேம் இருக்கும் கூப்பர்ஸ்டவுன் அருங்காட்சியகத்தில் அவருடைய பொருட்களும் காட்சிக்கு இருக்கின்றன. ஹால் ஆஃப் ஃபேம் பட்டயம் என்பது அதற்கு மேலே தரும் மரியாதை. பந்தயத்துக்காக மட்டும் என்றால் முப்பத்தைந்து வருடத் தண்டனை போதும் என்று ஒருவேளை சொல்லியிருப்பேன். அந்த வாக்குமூலத்தைப் படித்தபிறகு என்னால் சொல்ல முடியவில்லை.

பெரியவரும் பயிற்சியாளரும் இதில் ஒருவரை ஒருவர் மறுக்கவில்லை. ஒருவர் மனதில் 1985இன் இரவு இருக்கிறது, மற்றவர் மனதில் அநேகமாக 2017இன் வாக்குமூலம் இருக்கிறது. இரண்டும் நடந்தவை. பெரியவரிடம் இந்த வாக்குமூலத்தைப் பற்றி நீங்கள் எப்போதாவது கேட்டதுண்டா? கேட்டால் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.

அன்புடன்.