செவ்வாயில் உசிலம்பட்டி வருமா?

மேலூர் ஆசிரியை: வேற்றுக் கிரகத்து மலை, பள்ளங்களுக்கு யார் பேர் வைக்கிறார்கள் சார்? மதுரை பேர் வைக்க முடியுமா?

பதில்: பன்னாட்டு வானியல் ஒன்றியம், டீச்சர். செவ்வாயில் சுமார் 50 கி.மீ.க்குக் குறைந்த பள்ளங்களுக்குச் சிற்றூர்ப் பேர்தான். மக்கள்தொகை ஒரு லட்சத்தைத் தாண்டக் கூடாது. மதுரை அதிலேயே அடிபட்டுப் போகிறது. உங்கள் மேலூருக்கும் உசிலம்பட்டிக்கும் தடையில்லை. உத்தரப்பிரதேசத்து முர்சானும் பீகாரின் ஹில்சாவும் 2024-இல் இப்படித்தான் செவ்வாய் ஏறின. ஆனால் ஊர்ப்பாசம் மட்டும் போதாது. அந்த இடத்தை ஆராய்கிறவர்களுக்கு ஒரு பேர் தேவைப்பட வேண்டும்.

நாகமலை புதுக்கோட்டை மாணவர்: கரடுமுரடான இடம் என்று பேரிலேயே தெரியுமா?

பதில்: தெரியும் தம்பி, பேருக்குப் பின்னால் வரும் லத்தீன் சொல்லைப் பார். உங்கள் நாகமலை மாதிரி நீண்டு கிடக்கும் முகடு டார்சம். செங்குத்துச் சரிவு ரூப்பெஸ். புதனில் இந்தச் செங்குத்துச் சரிவுகளுக்கு ஆய்வுக் கப்பல்களின் பேர்: டிஸ்கவரி, பீகிள். கிரகம் குளிர்ந்து சுருங்கியபோது மேலோடு உடைந்து ஏறிய மேடுகள் அவை.

எனக்குப் பிடித்தது கேயாஸ். செவ்வாயின் அராம் கேயாஸ் சுமார் 280 கி.மீ. அகலம், உள்ளே பாறைக்கட்டிகள் தாறுமாறாகக் கிடக்கும். நிலத்தடிப் பனி உருகி, நீர் பீறிட்டு வெளியேறியதும் தரை அப்படியே உட்கார்ந்துவிட்டது என்கிறார்கள். நாளைக்கு இந்த விளக்கம் மாறினாலும் பேர் மாறாது. பின்னொட்டு தோற்றத்தை மட்டும்தான் சொல்லும், காரணத்தைத் தொடாது. நல்ல ஏற்பாடு.

திருப்பரங்குன்றம் வாசகி: வெள்ளியில் மீனாட்சி அம்மன் பேர்?

பதில்: வெள்ளி பெரும்பாலும் பெண் பேர்களின் உலகம்மா. லட்சுமி பீடபூமி இருக்கிறது. அதை ஒட்டி 11 கி.மீ. உயரத்தில் நிற்கும் மேக்ஸ்வெல் மலை மட்டும் ஆண் பேர். ஆனால் மதச்சார்புள்ள பேர் கூடாது என்றும் பொதுவிதி உண்டு. தினமும் பூசை நடக்கும் தெய்வம் என்றால் இழுபறிதான் என்று நினைக்கிறேன்.

சோழவந்தான் வாசகர்: எம்.எஸ். அம்மா பேர் அண்ணே?

பதில்: அப்படிக் கேளுங்கள்! 1916-இல் மதுரையில் பிறந்தவர், 2004-இல் மறைந்தார். இறந்து மூன்றாண்டு ஆகியிருக்க வேண்டும், ஆகிவிட்டது. புதனின் பள்ளங்கள் 50 ஆண்டுக்கு மேல் மதிக்கப்படும் கலைஞர்களுக்கு. வெள்ளியின் பெரிய பள்ளங்கள் சாதித்த பெண்களுக்கு. இரண்டுக்கும் பொருந்துவார். என் ஓட்டு புதனுக்கு. தியாகராஜர் பேரில் அங்கே ஏற்கெனவே ஒரு பள்ளம் இருக்கிறது.

வாடிப்பட்டி வாசகர்: பணம் கட்டினால் சான்றிதழ் தருகிறார்களாமே?

பதில்: கட்டாதீர்கள். ஒன்றியம் பேரை விற்பதில்லை. யார் வேண்டுமானாலும் முன்மொழியலாம், காசு கிடையாது.