கர்ப்பத்தில் பிரஷர் ஏறியதற்கு உப்புதான் காரணமா?

“30 வாரத்தில் பிரஷர் 150/100, யூரினில் புரோட்டீன். மாமியார் ஊறுகாயைக் குறை சொல்கிறார். டாக்டரோ நஞ்சுக்கொடியில் கோளாறு, பிஎல்ஜிஎஃப் குறைவு என்கிறார். எது சரி?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

டாக்டர் சொல்வதுதான் சரி. எனக்கும் முதல் பிரசவத்தில் இதே ப்ரீஎக்லாம்சியா, அதாவது கர்ப்பத்தில் பிரஷர் ஏறும் இந்த நோய், வந்தது. “நீ ரொம்பக் கவலைப்பட்டாய், அதான்” என்று பார்க்க வந்தவர்கள் சொன்னது இன்றைக்கும் வலிக்கிறது. அதனால்தான் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பிரஷர் ஏறுவது இப்போது, ஆனால் கோளாறு தொடங்கியது கர்ப்பத்தின் முதல் பாதியில். நஞ்சுக்கொடியின் செல்கள் கர்ப்பப்பைச் சுவருக்குள் இறங்கி, அங்குள்ள சுருள் தமனிகளை வாய்க்கால் வெட்டி விடுவதுபோல அகலப்படுத்த வேண்டும். சிலருக்கு இந்த வேலை பாதியில் நின்றுவிடுகிறது. வெளியே ஒன்றுமே தெரியாது.

பிஎல்ஜிஎஃப் என்பது நஞ்சுக்கொடி சுரக்கும் வளர்ச்சிக் காரணி. இதுவும் விஇஜிஎஃப் என்ற இன்னொன்றும்தான் ரத்தக்குழாய்கள் வளரவும், அவற்றின் உட்சுவர் நலமாக இருக்கவும் உதவுகின்றன. தமனிகள் அகலமாகாததால் ரத்தம் போதாத நஞ்சுக்கொடி, எஸ்எஃப்எல்டி-1 என்ற புரதத்தை அளவுக்கு மீறி அம்மாவின் ரத்தத்தில் விடுகிறது. அது இந்த இரண்டையும் பிடித்துக் கட்டிப்போட்டுவிடும். அப்புறம் ரத்தக்குழாய்கள் இறுகி பிரஷர் ஏறுகிறது, சிறுநீரக வடிகட்டி கெட்டு புரோட்டீன் கசிகிறது. குழந்தைக்கும் ஊட்டம் குறைந்து எடை ஏறாமல் போகலாம்.

இதைக் காட்டியது பாஸ்டனில் அனந்த் கருமஞ்சியின் குழு, 2003இல். அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். எஸ்எஃப்எல்டி-1ஐ மட்டும் எலிகளின் உடலில் அதிகப்படுத்தினார்கள், பிரஷரும் ஏறியது, புரோட்டீனும் போனது. கர்ப்பமே ஆகாத எலிகளுக்கும் அப்படித்தான்! புற்றுநோய்க்கு விஇஜிஎஃப்-ஐத் தடுக்கும் மருந்து எடுப்பவர்களுக்கும் இதே இரண்டு தொல்லைகள் வருவதுண்டு. இதில் ஊறுகாய்க்கு எங்கே இடம்?

உங்கள் டாக்டர் பார்ப்பது எஸ்எஃப்எல்டி-1க்கும் பிஎல்ஜிஎஃப்புக்கும் உள்ள விகிதமாக இருக்கலாம். சந்தேகம் மட்டும் இருக்கும் நிலையில் விகிதம் 38 அல்லது அதற்குக் கீழே இருந்தால், அடுத்த ஒரு வாரத்தில் ப்ரீஎக்லாம்சியா வர வாய்ப்பு மிகக் குறைவு. உங்களுக்கு ஏற்கெனவே வந்துவிட்டதால் பிரஷர் மாத்திரை, குழந்தையின் வளர்ச்சி ஸ்கேன், ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன், பிரசவத்துக்குச் சரியான நேரம் பார்ப்பது, இவைதான் வழி. அடுத்த கர்ப்பத்தில் ஆரம்பத்திலேயே ஆஸ்பிரின் பற்றிக் கேளுங்கள். 2017இல் வந்த ஆய்வில், 11 முதல் 14 வாரத்துக்குள் தொடங்கி இரவில் 150 மில்லிகிராம் எடுத்த, ஆபத்து அதிகமுள்ள பெண்களுக்கு 37 வாரத்துக்கு முன் வரும் ப்ரீஎக்லாம்சியா பாதிக்கும் மேல் குறைந்தது. நீங்களாக வாங்கிப் போட வேண்டாம்.

விடாத தலைவலி, கண் மங்கல், வலது விலாவுக்குக் கீழே வலி, இதில் எது வந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். பிரசவம் ஆனதும் எல்லாம் முடிந்தது என்று பிரஷர் பார்ப்பதை நிறுத்திவிடாதீர்கள். எனக்கு உச்சத்துக்குப் போனதே குழந்தை பிறந்து சில நாள் கழித்துத்தான்.